பனி இறங்குவதில்லை

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு வேப்பம்பட்டு வீடுகளில் அலமாரியிலிருந்து வெளியே வருவது குரங்குக் குல்லா. நம்மில் பலர் பெரம்பூர் ஐ.சி.எஃப்., ஆவடி டாங்க் தொழிற்சாலை, அம்பத்தூர் எஸ்டேட் என்று காலமெல்லாம் ஷிப்ட் பார்த்துவிட்டு, சேர்த்த காசில் இங்கே ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். வேலை போனாலும் விழிப்பு போவதில்லை. நாலரைக்குக் கண் திறந்துவிடுகிறது. ஐந்து மணிக்குக் குல்லாவும் மஃப்ளருமாக நடைக்குக் கிளம்பினால், "பனி இறங்குது, காதை நல்லா மூடிக்கிட்டுப் போங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.

இந்தப் பனியைத்தான் இன்று டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாகப் பார்க்கப் போகிறோம். அது எங்கிருந்து வருகிறது, வயதான உடம்புக்கு அந்த நேரத்தில் என்ன ஆகிறது என்று படிப்படியாகப் போவோம். சரியாகப் புரிந்துகொண்டால் நாம் குல்லாவைக் கழற்ற மாட்டோம். நடைக்குக் கிளம்பும் நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்வோம்.

முதலில் காற்றைப் பார்ப்போம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை நீள்கிறது. பூண்டி நீர்த்தேக்கமும் திருநின்றவூர் ஏரியும் நிரம்புகின்றன. நம் தெருவில் கட்டடம் எழும்பாத மனைகளிலும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. இந்த ஈரமெல்லாம் பகல் வெயிலில் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. சூடான காற்றில் இந்த ஆவி அதிகமாகத் தங்கும், குளிர்ந்த காற்றில் குறைவாகத்தான் தங்கும். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள இடத்தில் 30 டிகிரியில் சுமார் 30 கிராம் நீராவி தங்கலாம். அதே இடத்தில் 20 டிகிரிக்கு வந்தால் சுமார் 17 கிராம்தான். மிச்சம் தண்ணீராக வெளியே வந்தாக வேண்டும். எந்த வெப்பநிலையில் அப்படி வெளியே வரத் தொடங்குகிறதோ அதைப் பனிநிலை என்கிறார்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த தண்ணீர்ச் சொம்பு வியர்க்கிறதே, அதுவும் இதே சங்கதிதான். சொம்பின் வெளிப்புறத்தில் இருக்கும் நீரை யாரும் மேலிருந்து தெளிக்கவில்லை, உள்ளிருந்தும் கசியவில்லை. குளிர்ந்த சொம்பைத் தொட்ட காற்று தன்னிடமிருந்த ஆவியை அங்கேயே விட்டுவிட்டது. மார்கழி விடிகாலையில் வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டும், கீரைப் பாத்தியின் இலைகளும், காரின் கூரையும் அந்தச் சொம்பின் நிலைக்கு வந்துவிடுகின்றன.

அவற்றைக் குளிர வைத்தது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கேதான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு மேற்குப் பார்த்த சுவர் அருகே போய் நில்லுங்கள். தொட வேண்டாம். ஓரடி தள்ளி நின்றாலே கன்னத்தில் சூடு தெரியும். பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தைச் சுவர் கண்ணுக்குத் தெரியாத கதிராக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. சுவர் மட்டுமல்ல, மண், இலை, தகரம், நம் மண்டை என்று எல்லாமே எந்த நேரமும் இப்படி விட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பகலில் சூரியன் கொடுப்பது அதிகமாக இருப்பதால் இந்தச் செலவு தெரிவதில்லை. இரவில் வரவு நின்றுவிடுகிறது, செலவு நிற்பதில்லை. வானத்தில் மேகம் இருந்தால் அது அந்தச் சூட்டை வாங்கி, ஒரு பங்கைக் கீழே திருப்பி அனுப்பும். மழைக்கால இரவுகளில் புழுக்கம் இருப்பதும் பனி இல்லாததும் அதனால்தான். மழை ஓய்ந்து வானம் துடைத்து விட்டாற்போல ஆகும்போது திருப்பி அனுப்ப ஆள் இல்லை. தரையின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடுகிறது.

அதிலும் ஒரு வேற்றுமை உண்டு. தடித்த சிமென்ட் சாலையும் சுவரும் பகல் சூட்டை உள்ளே ஆழமாகப் பிடித்து வைத்திருக்கும், மெல்லத்தான் ஆறும். ஸ்கூட்டரின் ரெக்ஸின் சீட்டுக்கும், காரின் மெல்லிய தகட்டுக்கும், புல்லின் நுனிக்கும் அப்படி இருப்பு இல்லை, மண்ணோடு நெருங்கிய தொடர்பும் இல்லை. சீக்கிரம் குளிர்ந்து முதலில் நனைபவை அவைதான். சாலை உலர்ந்திருக்க சீட்டு மட்டும் சொட்டச் சொட்ட இருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். மேலிருந்து விழுந்திருந்தால் இரண்டும் ஒன்றாக அல்லவா நனைந்திருக்க வேண்டும்?

இதைச் சொன்னதும் டீக்கடை பெஞ்சில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அப்படின்னா வேப்பமரத்தடியில நிறுத்தின வண்டி மட்டும் ஏன் சார் நனையறதில்ல? ஷெட்டுக்குள்ள விட்டா ஏன் காய்ஞ்சிருக்கு? மேலேர்ந்து விழுறதை மரம் தடுக்குது, அதானே?" நல்ல கேள்வி. பனி மேலிருந்து விழுகிறது என்று நாம் எல்லோரும் நம்புவதற்கு முதுகெலும்பே இந்தச் சாட்சியம்தான். கூரை இருந்தால் நனையவில்லை, கூரை இல்லாவிட்டால் நனைகிறது. மழைக்கும் அப்படித்தானே?

இந்தக் கேள்வியை இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மருத்துவர் கையில் எடுத்துக்கொண்டார். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ். ஊருக்கு வெளியே சர்ரே பகுதியில் ஒரு நண்பரின் தோட்டத்தில் இரவு இரவாக உட்கார்ந்து பனியை அளந்தார். அவருடைய கருவி மிக எளியது. சம எடையுள்ள சின்னச் சின்னக் கம்பளிப் பஞ்சுகளை வெவ்வேறு இடங்களில் வைப்பார், விடிந்ததும் எடுத்து எடை போடுவார். எடை எவ்வளவு கூடியதோ அவ்வளவு பனி.

பலகையைக் கால்களின் மேல் நிறுத்தி, மேலே ஒரு பஞ்சும் அடியில் ஒரு பஞ்சும் வைத்தார். மேல் பஞ்சு அதிகம் நனைந்தது. அடியில் இருந்ததும் கொஞ்சம் நனைந்தது. விழுகிற பொருள் பலகைக்கு அடியில் எப்படிப் போகும்? ஆனால் அவருடைய உண்மையான சாமர்த்தியம் அடுத்த சோதனையில்தான். மேலும் கீழும் திறந்த உயரமான சுட்ட மண் குழாய் ஒன்றைப் புல்லின் மேல் செங்குத்தாக நிறுத்தி, அதன் நடுவில் பஞ்சை வைத்தார். பஞ்சுக்கு நேர் மேலே ஒன்றுமில்லை, திறந்த வானம். மழை பெய்திருந்தால் அந்தப் பஞ்சு மற்றதைப் போலவே நனைந்திருக்கும். பனிக்கு அப்படி ஆகவில்லை. வெளியே வெட்டவெளியில் வைத்த பஞ்சோடு ஒப்பிட்டால் குழாய்க்குள் இருந்தது கொஞ்சம்தான் நனைந்திருந்தது. மேலே எந்தத் தடையும் இல்லாமலே பனி குறைந்துவிட்டது. குழாய் மறைத்தது பனியை அல்ல, வானத்தின் பெரும்பகுதியை. சுற்றிலுமிருந்த மண் சுவர் தன் சூட்டைப் பஞ்சுக்குத் திருப்பிக் கொடுத்தது, பஞ்சு அதிகம் குளிரவில்லை.

வேப்பமரமும் ஷெட்டும் செய்வது அதையேதான். அவை எதையும் ஏந்திக்கொள்வதில்லை. வண்டிக்கும் வானத்துக்கும் நடுவே நின்று, வண்டி விடும் சூட்டுக்கு ஈடாகத் தங்கள் சூட்டைக் கொடுக்கின்றன. வண்டி பனிநிலைக்குக் குளிர்வதில்லை, அதனால் நனைவதில்லை. வெல்ஸ் 1814-ல் இதையெல்லாம் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ராயல் சொசைட்டி அவருக்கு ரம்ஃபோர்ட் பதக்கம் கொடுத்தது.

அந்த நூலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. தோட்டக்காரர்கள் குளிர் இரவில் இளஞ்செடிகளின் மேல் மெல்லிய பாயை விரிப்பதைப் பார்த்து, இவ்வளவு மெல்லிய பாய் எந்தக் குளிரைத் தடுக்கும் என்று அவர் ஒரு காலத்தில் சிரித்திருக்கிறார். பிறகு நான்கு குச்சிகளில் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் புல்லுக்குச் சற்று மேலே கட்டிப் பார்த்தார். கைக்குட்டைக்கு அடியில் இருந்த புல் வெளியில் இருந்த புல்லைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தது. தோட்டக்காரர்கள் செய்ததுதான் சரி என்று எழுதினார்.

நம் வீட்டுக் குரலும் அப்படியே. காதையும் தலையையும் மூடச் சொல்வது சரியான யோசனை. தெளிந்த வானத்தின் கீழே நம் தலையும் ஸ்கூட்டர் சீட்டைப் போலச் சூட்டை மேலே அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. முடி குறைந்த தலை என்றால் இன்னும் சுலபம். குல்லா அதைத் தடுக்கிறது. தவறு காரணத்தில்தான். தலைக்குள் எதுவும் இறங்குவதில்லை, தலையிலிருந்து சூடு ஏறிப் போகிறது. சளியைக் கொண்டுவருவது வைரஸ். குளிர்ந்த காற்றை உள்ளே விடுவதற்கு முன் மூக்கு அதைச் சூடாக்கி ஈரமாக்குகிறது, அந்த வேலையில்தான் விடிகாலையில் மூக்கு ஒழுகுகிறது. பனித்துளி மண்டையில் கோத்துக்கொண்டதால் அல்ல.

காரணம் எதுவாக இருந்தால் என்ன, குல்லா போட்டால் சரிதானே என்று தோன்றலாம். காரணம் மாறும்போது வேறு பல விஷயங்கள் மாறுகின்றன. குளிர் மேலிருந்து வந்தால் மேலே போகப் போகக் குளிர் கூட வேண்டும். தரையில் தொடங்குவதால் நடப்பது தலைகீழ். தரை முதலில் குளிர்கிறது, தரையைத் தொட்ட காற்று அடுத்துக் குளிர்கிறது, அதற்கு மேலிருக்கும் காற்று சூடாகவே இருக்கிறது. சாதாரணமாக உயரே போனால் குளிரும். இந்த இரவுகளில் மட்டும் கீழே குளிரும் மேலே இதமும் இருக்கும். வெப்பத் தலைகீழ் அடுக்கு என்பது இதன் பெயர். குளிர்ந்த காற்று கனமானது, மேலே எழும்பாது. அதனால் இந்த அடுக்கு அசையாமல் கிடக்கிறது.

இதன் ஒரு விளைவை நாம் காதால் கேட்டிருக்கிறோம். சித்திரையில் ஏரிக்கரைக்கு எட்டாத ரயில் சத்தம் மார்கழியில் படுக்கையறைக்குள் வந்து நிற்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், குளிர்ந்ததில் மெதுவாகப் போகும், அதனால் எப்போதும் குளிர்ந்த பக்கமாக வளையும். பகலில் தரை சூடு, ஒலி மேல்நோக்கி வளைந்து நமக்கு எட்டாமல் போகிறது. மார்கழி இரவில் மேலே போக வேண்டிய ஒலியும் வளைந்து கீழே வருகிறது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பக்கத்து ஊர்களுக்கு இது பழகிய சத்தம். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மூடுபனியில் இந்தச் சத்தத்தை நம்பித் தண்டவாளத்தைக் கடக்காதீர்கள். செவ்வாப்பேட்டைப் பக்கம் இருக்கும் வண்டி பக்கத்தில் கேட்கும், பக்கத்தில் வரும் மின்சார ரயிலோ அதிகம் சத்தம் போடாது. கண்ணும் உதவாத நேரம் அது.

இன்னொரு விளைவு நெஞ்சுக்குள் போகிறது. அசையாமல் கிடக்கும் அந்தக் குளிர்ந்த காற்றுக்குள் நாம் விடும் புகையெல்லாம் தங்கிவிடுகிறது. காலி மனையில் எரிக்கும் சருகும் குப்பையும், சி.டி.எச். சாலையில் போகும் லாரிகளின் புகையும், சுற்று வட்டாரச் செங்கல் சூளைகளின் புகையும் பகலில் என்றால் மேலே ஏறிக் கலைந்துவிடும். விடிகாலையில் படுத்தே கிடக்கும். மூடுபனி என்பது தரையோரக் காற்றே பனிநிலைக்கு வந்து சிறு துளிகளாக மிதப்பது. புகைத் தூள்கள் அந்தத் துளிகள் திரள உதவுகின்றன. 2018 போகி அன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடுமாறிப் போனதற்கு மூடுபனியும் போகிப் புகையும் சேர்ந்ததே காரணம். ஆஸ்துமாவும் பழைய பீடிப் பழக்கத்தின் இருமலும் உள்ளவர்களுக்கு இந்தக் காற்றில் வேக நடை நல்லதல்ல. மூச்சு வாங்க வாங்க உள்ளே போகும் புகையும் கூடுகிறது.

இந்த இடத்தில் கைபேசிக்குக் கைபேசி சுற்றும் ஒரு செய்தியையும் பேசியாக வேண்டும். மார்கழி விடிகாலையில் ஓசோன் படலம் பூமிக்கு அருகே வருகிறது, அதைச் சுவாசித்தால் ஆயுள் கூடும் என்று. ஓசோன் படலம் தரையிலிருந்து ஏறக்குறைய 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் விமானங்கள் பறப்பதற்கும் மேலே. மார்கழிக்காக அது இறங்கி வருவதில்லை, வந்தாலும் நமக்கு ஆகாது. உயரே இருக்கும்வரை அது புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிறது, மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலை எரிச்சலூட்டுகிறது. திருப்பாவை கேட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்களின் பக்திக்கு ஓசோனின் சிபாரிசு தேவையே இல்லை. ஆனால் இந்தச் செய்தியை நம்பி எழுபது வயதில் இதய நோயோடு ஒருவர் நாலு மணிக்கு நடக்கக் கிளம்பினால், அதை நாம் சும்மா விட முடியாது.

ஏன் என்பதற்கு உடம்பைப் பார்க்க வேண்டும். குளிர் பட்டதும் தோலிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, சூடு வெளியே போகாமல் இருக்க உடம்பு செய்யும் ஏற்பாடு. குழாய் சுருங்கினால் உள்ளே அழுத்தம் கூடும், இதயம் அதை எதிர்த்துத் தள்ள வேண்டும். விழித்தெழும் நேரத்தில் ரத்த அழுத்தம் இயல்பாகவே ஏறும். காலையில் ஒரு மாத்திரை போடுகிறவர்களுக்கு முந்தைய நாள் மாத்திரையின் வேகம் அடங்கியிருக்கும் நேரமும் அதுவே. மூன்றும் ஒன்றாகக் கூடுவது விடிகாலை ஐந்து மணி. மாரடைப்பும் பக்கவாதமும் காலை நேரங்களில் அதிகம் வருகின்றன என்பது மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்தது. திருநின்றவூர் இருதயாலீஸ்வரரிடம் இதயத்துக்காக வேண்டிக்கொள்ளப் போகிறவர்கள் வெயில் வந்த பிறகு போகலாம். பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய ஊரின் சுவாமி நேரம் பார்க்க மாட்டார்.

நம் ஊர்க் குளிர் ஒரு குளிரா என்று கேட்பவர்களும் உண்டு. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். உண்மைதான். ஆனால் உடம்புக்கு எண்ணைவிடப் பழக்கம் முக்கியம். ஆண்டு முழுவதும் வெயிலில் ஊறிய உடம்பு, கம்பளி இல்லாத வீடு, பகல் முப்பதிலிருந்து விடியலில் இருபதுக்கும் கீழே ஓர் இறக்கம். வயது கூடக்கூட இந்த இறக்கத்தை உணர்வதும் சமாளிப்பதும் மெதுவாகிறது. தாகமும் மந்தமாகிறது, குளிரில் சிறுநீரோ கூடுதலாகப் போகிறது. ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் பகலிலாவது அந்தக் கணக்கை ஈடுகட்டிவிட வேண்டும். மருத்துவர் அளவோடு குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவே கணக்கு. மாத்திரையின் அளவை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மார்கழியில் ஒருமுறை அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் கேட்பதே முறை. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ, குளிரிலும் வியர்த்தாலோ, உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள். வாயு என்று இஞ்சி டீ குடித்துக் காத்திருக்காதீர்கள்.

"பெரம்பூரில் குவார்ட்டர்ஸில் இருந்தபோது இப்படிக் குளிரவில்லையே, வயசாகிவிட்டது" என்று பலர் சொல்கிறார்கள். வயது ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு. அங்கே வீடுகள் நெருக்கம், ஒவ்வொரு சுவரும் எதிர்ச் சுவருக்குச் சூடு கொடுக்கிறது, வானம் ஒரு கீற்றுத்தான் தெரிகிறது. இங்கே நாலு பக்கமும் காலி மனை, ஏரி, வயல். வீட்டைச் சுற்றி வானம் முழுவதும் திறந்திருக்கிறது. வெல்ஸின் குழாய்க்குள் இருந்த பஞ்சுக்கும் வெளியே இருந்த பஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் அது. இந்தத் திறந்த வெளிக்காகத்தானே இங்கே வந்தோம்.

நடைக்கு எந்த நேரம் என்பதை முதல் நாள் இரவே வாசலில் நின்று தெரிந்துகொள்ளலாம். மிகக் குளிர்ந்த நேரம் நள்ளிரவு அல்ல, சூரியன் உதிப்பதை ஒட்டிய நேரம். அதுவரை தரை இழந்துகொண்டேதான் இருக்கும். ஜனவரி நடுவில் நமக்குச் சூரிய உதயமே சுமார் ஆறு முப்பத்தைந்து. அதன் பிறகு தரை சூடாகி, காற்று எழும்பி, கலங்கி, கிடக்கும் புகையைக் கலைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஆகவே ஒன்பது மணிக்கு வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். நட்சத்திரம் கூர்மையாகத் தெரிந்து, தென்னை ஓலை அசையாமல் இருந்தால் மறுநாள் நடை ஏழரை அல்லது எட்டுக்கு. மேகம் மூடியிருந்தாலோ காற்று வீசினாலோ உதயத்தை ஒட்டியே போகலாம். நாலரைக்கு விழித்துவிடுகிறவர்கள் அதுவரை வீட்டுக்குள்ளேயே கை கால்களை நீட்டி மடக்கி, வெதுவெதுப்பாகத் தண்ணீர் குடித்து, பேப்பர் வரும்வரை காத்திருக்கலாம். குல்லா இருக்கட்டும்.